இணைப்பது ஒரு கணக்கு, கேட்பவர் பலர்

இணையத்தின் வழியே இயங்கும் பெரும்பாலான செயலிகளில், உள்ளே நுழைகிறவர்கள் ஆயிரம் பேராக இருந்தாலும், பின்னால் நிற்கும் தரவுத்தளம் அறிந்த பெயர் ஒன்றே ஒன்றுதான். கணக்காளரும் மருந்தகப் பணியாளரும் மேலாளரும் தத்தம் பெயரிலும் கடவுச்சொல்லிலும் செயலிக்குள் நுழைய, செயலியோ அவர்கள் அனைவருக்காகவும் தனக்கெனக் கொடுக்கப்பட்ட ஒரே கணக்கின் மூலம் தரவுத்தளத்தோடு இணைகிறது. யார் எதைப் பார்க்கலாம், எதை மாற்றலாம் என்ற தீர்ப்பு முழுவதும் செயலியின் நிரலுக்குள்ளேயே முடிந்துவிடுவதால், தரவுத்தளத்திற்கென்று உள்ள உரிமை முறை வேலையின்றிக் கிடக்கிறது. ஒவ்வொரு பயனருக்கும் தரவுத்தளத்திலேயே தனிக்கணக்கு வைத்து, அந்தக் கணக்கின் பெயராலேயே இணைப்பு ஏற்படுத்தினால் என்ன என்ற கேள்வி இத்தொழிலுக்குப் புதிதாக வருகிற ஒவ்வொரு தலைமுறையினரிடமிருந்தும் எழுகிறது. ‘அப்படிச் செய்வதில்லை’ என்று சொல்லி மூத்தவர்கள் பேச்சை முடித்துவிடுவதும் வழக்கமாக இருக்கிறது. அந்த விடையில் பாதி உண்மை உண்டு. மறுபாதியைக் காண்பதற்கு, தரவுத்தளத்திற்குள் நுழைவது யார், நுழைந்தபின் யாருடைய உரிமையில் வேலை நடக்கிறது என்னும் இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் போஸ்ட்கிரெஸ்கியூஎல் இவ்விரண்டுக்கும் தனித்தனி வசதி வைத்திருப்பதால், இங்கே பேசப்படுவன பெரும்பாலும் அதைச் சார்ந்தவை.

ஆளுக்கொரு கணக்கு என்பது உண்மையில் பழைய நடைமுறை. ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் உருவான சிஸ்டம் ஆர் என்ற தரவுத்தளத்திற்காக பாட்ரிசியா கிரிஃபித்ஸ், பிராட்ஃபர்ட் வேட் ஆகிய இருவரும் 1976இல் வெளியிட்ட ஆய்வுரை, ஓர் அட்டவணையை உருவாக்கியவர் அதன்மீதான உரிமையை இன்னொருவருக்கு வழங்கவும், வழங்கியதைத் திரும்பப் பெறவும், இடையில் அவ்வுரிமை வேறு கைகளுக்குப் போயிருந்தால் அந்தச் சங்கிலி முழுவதையும் அறுக்கவும் முறை வகுத்தது. எஸ்கியூஎல் மொழியின் கிராண்ட், ரிவோக் என்னும் கட்டளைகள் அங்கிருந்து கிளைத்தவை. மனிதர் தாமே முனையத்தின் முன் அமர்ந்து தரவுத்தளத்தோடு பேசுவார் என்ற எண்ணத்தில் பிறந்த முறை அது. தொண்ணூறுகளில் ஆரக்கிள் ஃபார்ம்ஸ், பவர்பில்டர் போன்றவற்றால் எழுதப்பட்ட அலுவலகச் செயலிகளிலும், ஊழியரின் மேசைக் கணினி காலையில் ஓர் இணைப்பைத் திறந்து மாலைவரை அதைப் பிடித்து வைத்திருந்ததால், அவருடைய சொந்தக் கணக்கில் இணைவதே இயல்பாக இருந்தது. வலைச் செயலியில் அந்த நீண்ட இணைப்பு இல்லை. உலாவி அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையும் முன்பின் தொடர்பில்லாத தனித் துண்டாக வந்து போவதால், ஊழியருக்கும் தரவுத்தளத்திற்கும் நடுவே ஓர் இடையாள் புகுந்தார். அந்த இடையாள்தான் வலைச் சர்வரில் ஓடும் நிரல்.

இடையாளிடம் எல்லா உரிமையையும் ஒப்படைப்பதில் என்ன கேடு என்பதற்கு, வலை பரவுவதற்கு முன்பே எழுதப்பட்ட விளக்கம் ஒன்று இருக்கிறது. நார்ம் ஹார்டி 1988இல் வெளியிட்ட, ‘குழம்பிய பிரதிநிதி’ என்று பொருள்படும் தலைப்புடைய சிறு கட்டுரை, டைம்ஷேர் நிறுவனத்தின் கணினியில் இருந்த ஃபோர்ட்ரான் தொகுப்பியைப் பற்றியது. நிரல்களைக் கணினிக்குரிய வடிவத்துக்கு மாற்றித் தரும் அந்தத் தொகுப்பிக்கு, தன் பயன்பாட்டுப் புள்ளிவிவரங்களைக் குறித்து வைப்பதற்காக, தான் இருக்கும் கோப்பகத்தில் எழுதும் உரிமை கொடுக்கப்பட்டிருந்தது; அதே கோப்பகத்தில் வாடிக்கையாளர்களின் கட்டண விவரக் கோப்பும் இருந்தது. பயனர் ஒருவர் தமக்கு வேண்டிய பிழைதிருத்தத் தகவலை எழுதச் சொல்லி அந்தக் கட்டணக் கோப்பின் பெயரையே கொடுக்க, தொகுப்பியும் தன் உரிமையைக் கொண்டு அதன்மீது எழுதிவிட, கட்டண விவரம் அழிந்தது. கேட்டவருக்கு அந்த உரிமை கிடையாது, செய்தவருக்கு உண்டு, எந்த உரிமையை யாருக்காகப் பயன்படுத்துகிறோம் என்பது செய்தவருக்குத் தெரியவில்லை. ஒரே கணக்கில் இணையும் வலைச் செயலி ஒவ்வொரு கோரிக்கையின்போதும் இதே நிலையில்தான் நிற்கிறது. பயனர் தட்டச்சு செய்யும் எழுத்துகள் வினவலின் பகுதியாக மாறிவிடும் எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் என்னும் தாக்குதல் இவ்வளவு பேரழிவு தருவதற்குக் காரணம், ஓட்டை எங்கே விழுந்தாலும் அதன் வழியே கிடைப்பது செயலியின் முழு உரிமையாக இருப்பதுதான். ஒரு வேலைக்குத் தேவையான அளவுக்கு மேல் எந்த நிரலுக்கும் உரிமை தரலாகாது என்று ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இலேயே எழுதிவிட்டார்கள். அதைப் பாடத்தில் படித்துத் தேறியவர்களே, வேலைக்கு வந்தபின் அட்டவணைகளின் உரிமையாளர் கணக்கைச் செயலியின் அமைப்புக் கோப்பில் எழுதி வைக்கிறார்கள்.

அன்றாடப் பணியில் இதைவிட அடிக்கடி உறுத்துவது வேறொன்று. இரவு 2 மணிக்கு ஓர் அட்டவணை பூட்டப்பட்டு மற்ற எல்லாரும் காத்து நிற்கும்போது, நடப்பு இணைப்புகளைக் காட்டும் பட்டியலைத் திறந்தால், எல்லா வரிகளிலும் ஒரே பெயர் இருக்கும். யாருடைய கோரிக்கை பூட்டியது என்று அறிய, செயலியின் பதிவேட்டையும் தரவுத்தளத்தின் பதிவேட்டையும் அருகருகே வைத்து நேரத்தைக் கொண்டு பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கும். தனிக்கணக்கின் பயனாகப் புத்தகங்கள் பாதுகாப்பையே முதலில் சொல்கின்றன. இயக்கப் பொறுப்பில் இருப்பவர்களைக் கேட்டால், பட்டியலில் ஆளின் பெயர் தெரிவதையே முதலில் சொல்வார்கள்.

அப்படியானால் ஒவ்வொருவரையும் அவரவர் கணக்கிலேயே இணைய விட்டால் என்ன? தடையாக நிற்பவற்றில் முதலாவது இணைப்பின் விலை. போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் இயங்குதளத்தில் ஒரு தனிப் பிராசஸை, அதாவது தனக்கென நினைவகம் கொண்டு தனியே ஓடும் நிரலை, உருவாக்குகிறது. முதல் வினவல் ஓடுவதற்குமுன் வலைப்பின்னல் கைகுலுக்கல், குறியாக்கக் கைகுலுக்கல், கடவுச்சொல் சரிபார்ப்பு ஆகியன நடந்தாக வேண்டும். 2017இல் வெளிவந்த 10ஆம் பதிப்பில் சேர்ந்த ஸ்கிராம் என்னும் சரிபார்ப்பு முறை, திருடர்கள் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பதைக் கடினமாக்குவதற்காக, இயல்பு அமைப்பில் 4096 சுற்றுகள் கணக்கிடும்படி வேண்டுமென்றே தாமதமாக வடிவமைக்கப்பட்டது. சில மில்லிநொடிகளில் முடியும் ஒரு வினவலுக்காக இத்தனையும் செய்து, உடனே எல்லாவற்றையும் கலைத்துவிடுவது வீண். ஒரே நேரத்தில் அனுமதிக்கப்படும் இணைப்புகளின் இயல்பு எண்ணிக்கையும் 100தான்; அதை உயர்த்தலாம் என்றாலும், ஒவ்வோர் இணைப்பும் நினைவகத்தைத் தின்பதால் விருப்பம்போல உயர்த்திவிட முடியாது.

இதற்காகவே கனெக்‌ஷன் பூல் எனப்படும் இணைப்புத் தொகுப்பு வந்தது. திறந்த நிலையிலேயே வைக்கப்பட்ட சில இணைப்புகளை, வருகிற கோரிக்கைகள் மாறிமாறி எடுத்துப் பயன்படுத்தித் திருப்பி வைக்கின்றன. இருபது இணைப்புகளைக் கொண்டு பல நூறு பேருக்குச் சேவை செய்துவிடலாம். ஆனால், அந்த இருபதும் ஒரே கணக்கில் திறக்கப்பட்டவையாக இருந்தால்தான் யாரும் எதையும் எடுக்க முடியும். போஸ்ட்கிரெஸின் முன்னால் நின்று இவ்வேலையைச் செய்யும் பிஜிபவுன்சர் என்ற மென்பொருள், தரவுத்தளம், பயனர் ஆகிய இரண்டும் சேர்ந்த ஒவ்வொரு இணைக்கும் தனித்தனித் தொகுப்பு வைக்கிறது. ஊழியர் முந்நூறு பேரும் தத்தம் கணக்கில் வந்தால் முந்நூறு தொகுப்புகள் உருவாகி, ஒவ்வொன்றிலும் ஓரிரு இணைப்புகள் சும்மா கிடக்க, ஒருவருடையதை மற்றவர் தொட முடியாமல், தொகுப்பு என்பதற்கே பொருளில்லாமல் போகிறது. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் விண்டோஸ் அடையாளத்தோடு இணையும் செயலிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. தொகுப்பு துண்டாடப்படுதல் என்று அந்நிறுவனத்தின் ஆவணங்களே அதை எச்சரிக்கின்றன.

இரண்டாவது தடை கடவுச்சொல். அவரவர் கணக்கில் இணைய வேண்டுமானால், அவரவர் கடவுச்சொல் ஒவ்வொரு கோரிக்கையின்போதும் செயலியின் கையில் இருக்க வேண்டும். நுழைவின்போது ஒருமுறை வாங்கிச் சரிபார்த்துவிட்டு மறந்துவிடும் வழக்கமான ஒழுங்கு இங்கே செல்லாது. பயனரின் சொந்தத் தரவுத்தளக் கணக்கைக் கொண்டே இயங்கும் வலைச் செயலிக்கு எடுத்துக்காட்டு, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை உலாவியிலிருந்து நிர்வகிக்க உதவும் பிஎச்பிமைஅட்மின். அதன் குக்கி முறையில் பயனரின் கடவுச்சொல் குறியாக்கம் செய்யப்பட்டு உலாவியின் குக்கியிலேயே வைக்கப்படுகிறது. அதைத் திறக்கும் இரகசியச் சாவி சர்வரிடம் இருக்கிறது. நிர்வாகிகள் சிலர் மட்டும் புழங்கும் கருவிக்கு இது தகும். பொதுமக்கள் நுழையும் செயலியில், எல்லாருடைய கடவுச்சொல்லையும் திரும்ப எடுக்கக்கூடிய வடிவில் வைத்திருப்பதைப் பொறுப்புள்ள எந்தத் தணிக்கையாளரும் ஒப்பமாட்டார்.

ஆகவே, இணைப்பு ஒரே கணக்கில் இருக்கட்டும், வேலை மட்டும் ஆளின் உரிமையில் நடக்கட்டும் என்ற வழி பிறந்தது. ஆரக்கிள் இதைப் பதிலாள் நுழைவு என்ற பொருளில் தருகிறது. ஒருவருடைய கணக்குக்குள் இன்ன செயலிக் கணக்கின் வழியே வரலாம் என்று அதில் அனுமதி எழுதிவிடலாம். போஸ்ட்கிரெஸில் பயனர், குழு என்ற இரண்டும் 2005இல் வெளியான 8.1ஆம் பதிப்பிலிருந்து ‘ரோல்’ என்ற ஒரே வடிவத்தில் இணைக்கப்பட்டுள்ளன: நுழையும் உரிமை பெற்ற ரோல் பயனராகிறது, பிற ரோல்களை உறுப்பினராகக் கொண்ட ரோல் குழுவாகிறது. செயலிக்கென ஒரு நுழைவு ரோல் படைத்து, அதற்கு எந்த அட்டவணையின்மீதும் உரிமை தராமல், ஊழியர்களின் ரோல்களில் அதை உறுப்பினராக்கி, அவற்றின் உரிமைகள் தானாக வந்து சேராதபடி ‘நோஇன்ஹெரிட்’ என்ற பண்பையும் கொடுத்துவிட்டால், உள்ளே நுழைந்த நிலையில் அதனால் எதையும் பார்க்க முடியாது. கோரிக்கை வந்ததும் ஒரு டிரான்சாக்‌ஷன், அதாவது முழுவதும் நிறைவேறும் அல்லது முழுவதும் கைவிடப்படும் செயல்தொகுதி, தொடங்கப்படுகிறது. அதன் முதல் வரியாக ‘செட் லோக்கல் ரோல்’ என்ற கட்டளையால் ஊழியரின் ரோல் ஏற்கப்படுகிறது. தொகுதி முடிந்ததும் ஏற்ற ரோல் தானே கழன்றுவிடுகிறது. தரவுத்தளத்தையே நேரடியாக வலைச் சேவையாக்கித் தரும் போஸ்ட்கிரெஸ்ட் என்ற மென்பொருள் முழுவதும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. கையொப்பமிட்ட அடையாளச் சீட்டில் எழுதியுள்ள ரோலைப் படித்து, ஒவ்வொரு கோரிக்கைக்கும் அந்த ரோலாக அது மாறிக்கொள்கிறது.

‘லோக்கல்’ என்ற அந்த ஒரு சொல் விடுபட்டால் நேர்வதை இத்தொழிலில் உள்ளவர்கள் அச்சத்தோடுதான் பேசுவார்கள். சொல் விடுபட்ட கட்டளை, செயல்தொகுதி முடிந்த பிறகும் இணைப்பில் நிலைத்திருக்கும். பிஜிபவுன்சரின் டிரான்சாக்‌ஷன் முறையில், ஒரு செயல்தொகுதி முடிந்தவுடன் இணைப்பு வேறொருவருக்குப் போய்விடுகிறது. இணைப்பைத் துடைத்துச் சுத்தம் செய்யும் கட்டளை அம்முறையில் இயல்பாக ஓடுவதுமில்லை. முதலில் வந்தவர் மேலாளராக இருந்தால், அடுத்து வரும் எழுத்தர் மேலாளரின் உரிமையோடு உலவுவார். ஒரே ஆள் உட்கார்ந்து சோதித்துப் பார்க்கும் மேசைக் கணினியில் இது ஒருபோதும் தெரியாது. கூட்டம் வரும் வேளையில், அதுவும் எப்போதாவதுதான், வெளிப்படும். இந்தக் காரணத்தால், ரோல் மாற்றும் வரியை நிரலர் ஒவ்வொருவரும் தத்தம் இடத்தில் எழுதும் உரிமையை எடுத்துவிட்டு, செயல்தொகுதியைத் திறக்கும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அதை வைப்பது கட்டுரையாளர் பணிபுரிந்த குழுக்களில் விதியாகவே இருந்தது. அந்த இடத்தைத் தாண்டி யாரும் நேரடியாக இணைப்பைக் கேட்டால், நிரல் மதிப்பாய்வில் அது அங்கேயே நின்றுவிடும்.

ரோல் மாறியதும் வரிசைகளின் அளவிலேயே உரிமையைப் பிரிக்கும் வசதி துணைக்கு வருகிறது. 2016 ஜனவரியில் வெளியான 9.5ஆம் பதிப்பில் சேர்ந்த இந்த வரிசைநிலைப் பாதுகாப்பு, ஓர் அட்டவணையில் யார் எந்த வரிசைகளைக் காணலாம், எவற்றை எழுதலாம் என்ற கொள்கையை அட்டவணையோடு சேர்த்தே வைக்கிறது. செயலியின் ஏதோ ஒரு பக்கத்தில் நிபந்தனை எழுத மறந்தாலும், தன் பிரிவைச் சேராத வரிசை கண்ணில் படாது. இதை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. அட்டவணையின் உரிமையாளருக்குக் கொள்கை பொருந்தாது, கட்டாயப்படுத்தும் கட்டளையைத் தனியே கொடுத்தாலன்றி. முழு உரிமை பெற்ற சூப்பர்யூசருக்கு எப்போதுமே பொருந்தாது. செயலி உரிமையாளர் கணக்கில் இணைந்துகொண்டிருக்கும்வரை, எழுதி வைத்த கொள்கைகள் அத்தனையும் சுவரொட்டிதான். வியூ என்னும் சேமித்த வினவல்களும் இயல்பாக அவற்றை உருவாக்கியவரின் உரிமையிலேயே ஓடுவதால், அவற்றின் வழியே கொள்கையைச் சுற்றிக்கொண்டு போக முடியும். அழைப்பவரின் உரிமையில் வியூவை ஓடச் செய்யும் தெரிவு 2022இல் 15ஆம் பதிப்போடுதான் வந்தது.

இவற்றினும் நுட்பமான சிக்கல் தணிக்கைப் பதிவில் இருக்கிறது. யார் எந்த வரிசையை மாற்றினார் என்று தானாகக் குறித்து வைப்பதற்கு, மாற்றம் நிகழும்போது இயங்கும் டிரிகர் ஒன்று எழுதப்படும். தணிக்கை அட்டவணையில் ஊழியர் நேரடியாகக் கை வைக்கக்கூடாது என்பதற்காக, அந்த டிரிகரின் செயற்கூறு அதை எழுதியவரின் உரிமையில் ஓடும்படி அமைக்கப்படும். அந்தச் செயற்கூறுக்குள், நடப்புப் பயனர் யார் என்று கேட்டால் செயற்கூறின் உரிமையாளர் பெயர் வரும். இணைப்பின் பயனர் யார் என்று கேட்டால் செயலியின் பொதுக்கணக்கு வரும். இரண்டிலும் ஊழியர் பெயர் இராது. ஏற்கப்பட்ட ரோலைக் காட்டும் ‘ரோல்’ என்ற அமைப்பு மதிப்பைப் படித்தால் மட்டுமே உண்மையான பெயர் கிடைக்கும். இதை அறியாமல் எழுதப்பட்ட தணிக்கை அட்டவணைகளில், இலட்சக்கணக்கான வரிசைகளிலும் ஒரே பெயர் பதிந்திருப்பதை, வழக்கோ விசாரணையோ வந்து யாராவது தேடும் நாளில்தான் கண்டுபிடிப்பார்கள். தரவுத்தளத்தின் பதிவேட்டிலும் நடப்பு இணைப்புகளின் பட்டியலிலும்கூட நுழைந்த கணக்கின் பெயரே காட்டப்படுகிறது, ஏற்ற ரோல் காட்டப்படுவதில்லை; எனவே இயக்கப் பொறுப்பாளர் எதிர்பார்த்த அந்தப் பயன், செயலியின் பெயரைக் குறிக்கும் புலத்தில் ஊழியரின் குறியீட்டையும் சேர்த்து அனுப்பினால்தான் கைகூடும்.

இந்த இடைவழியைத் தனிக்கணக்கில் இணைவதற்குச் சமம் என்று கருதிவிட முடியாது. ரோலை ஏற்கும் உரிமை இணைப்பிடம் இருக்கிறது. வினவலுக்குள் அந்நிய எழுத்தைப் புகுத்தியவர், ஏற்ற ரோலைக் கழற்றிவிட்டு வேறொன்றை ஏற்கச் செய்யலாம். கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி அனுப்ப முடியாதபடி தடுத்தாலும், அமைப்பு மதிப்பை மாற்றும் ‘செட்கான்ஃபிக்’ என்ற செயற்கூறைச் சாதாரண செலக்ட் வினவலுக்குள்ளேயே அழைத்துவிடலாம். நிரலர் நிபந்தனையை மறப்பதற்கு எதிராக இவ்வழி உறுதியான காப்பு; உள்ளே வந்துவிட்ட எதிரியை அது தாமதப்படுத்தும், அவ்வளவே. உண்மையான தனிக்கணக்கில் இணைந்திருந்தால் அந்த எதிரிக்குத் தாண்டிப் போக இடமே இராது. ஆகையால், நூறு இருநூறு பேர் மட்டும் புழங்கும், தவறினால் பெருங்கேடு தரும் உள்செயலிகளில், சம்பளப் பட்டியல் போன்றவற்றில், தொகுப்பை விட்டுக்கொடுத்து ஆளுக்கொரு நேரடி இணைப்பு என்ற பழைய முறையைத் தேர்ந்தெடுப்பதைப் பிழை என்று சொல்ல முடியாது. முன்னே சொன்ன மூத்தவர்களின் விடை தவறும் இடம் அதுதான்.

பொதுமக்கள் இலட்சக்கணக்கில் வரும் தளங்களுக்கு ஆளுக்கொரு ரோல் என்பதே பொருந்தாது. ரோல்கள் ஒரு தரவுத்தளத்திற்குள் அடங்காமல் சர்வர் முழுவதற்கும் பொதுவானவையாக இருப்பதும், தன் முகவரியைப் பதிந்துகொள்ளும் ஒவ்வொருவருக்காகவும் ரோல் படைக்கும் உரிமையைச் செயலிக்குத் தர வேண்டியிருப்பதும், தீர்க்க வந்ததைவிடப் பெரிய சிக்கலைக் கொண்டுவரும். அங்கே ‘வாடிக்கையாளர்’ என்ற ஒரே ரோல் போதும். ஆளின் எண்ணைச் செயல்தொகுதிக்குள் மட்டும் வாழும் அமைப்பு மதிப்பாக வைத்து, வரிசைக் கொள்கை அந்த எண்ணைப் பார்க்கும்படி செய்துவிடலாம். அதையும் செய்ய நேரமில்லை என்கிற சிறு குழுக்கள், குறைந்தது மூன்று கணக்குகளையாவது பிரித்து வைக்கலாம்: அட்டவணைகளை உருவாக்கவும் மாற்றவும் மட்டும் பயன்படும் உரிமையாளர் கணக்கு, வரிசைகளைப் படிக்கவும் எழுதவும் மட்டும் இயலும் செயலிக் கணக்கு, அறிக்கைகளுக்கான படிக்க மட்டுமேயான கணக்கு. ஒரு பிற்பகலில் முடியும் வேலை இது. செய்யாமல் விட்டவர்களே அதிகம்.

ஆளுக்கொரு ரோல் வைத்த இடங்களில் கடைசியாகச் சோதனைக்கு வருவது ஊழியர் விலகும் நாள். அவருடைய ரோலை நீக்கப் போனால், அவர் பெயரில் ஏதேனும் பொருளோ நேரடியாகக் கொடுத்த உரிமையோ எந்தத் தரவுத்தளத்தில் மிச்சமிருந்தாலும் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். ஒவ்வொரு தரவுத்தளத்திலும் நுழைந்து துப்புரவு செய்யாமல் அது நடக்காது. உரிமைகளைக் குழு ரோல்களுக்கே கொடுத்து, ஆள் ரோலை அக்குழுவில் சேர்ப்பதோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதைவிட நல்லது, ரோலை நீக்காமலே வைத்திருப்பது. பழைய தணிக்கைப் பதிவுகளில் உள்ள பெயர் யாருடையது என்பதற்கு அது சான்றாக நிற்கும். நுழைவுரிமையை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பது இங்கே பொதுவான தவறு. நுழைவுரிமை இல்லாத ரோலையும் செயலிக் கணக்கு ஏற்க முடியும், ஏனெனில் ஏற்பதற்குத் தேவைப்படுவது உறுப்பினர் நிலை மட்டுமே. ஆகவே விலகியவரின் ரோலில் செயலிக் கணக்குக்கு இருந்த உறுப்பினர் நிலையை ரிவோக் கட்டளையால் பறிக்க வேண்டும்; பறித்ததும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செயல்தொகுதி முடியும்வரை தொடர, அவர் பெயரில் வரும் அடுத்த கோரிக்கையின் முதல் வரியிலேயே தரவுத்தளம் அனுமதி மறுக்கும்.